பேரிக்காய் மரத்தடி

செத்தவருக்கு ஒரு குழி என்பது கெபினோவின் அப்பன் காலத்துக் கணக்கு. கெபினோ குழிவெட்டியான பிறகு அது மாறிப்போயிற்று.

பேரரசர் நகரத்துத் திருச்சபைக்கு ஓர் ஆயரை அமர்த்தினார். போப்பாண்டவர் அவரைச் சபித்துவிட்டு வேறொருவரை அனுப்பினார். ஒருவர் படையோடு கோட்டைவாசலில் நுழைந்தால் மற்றவர் லெக் ஆற்றைத் தாண்டி ஓடுவார். வந்தவர் முதலில் ஓடியவர் தொட்ட பீடங்களைக் கழுவச் சொல்வார். அடுத்து, ஓடியவரின் குருமார் அடக்கம் செய்த உடல்களைக் கோவில் மதிலுக்குள் இருக்கும் மந்திரித்த மண்ணிலிருந்து வெளியே எறியச் சொல்வார். கழுவ ஆள் பலர். தோண்டக் கெபினோ ஒருவன்தான்.

அவன் மனைவி ரிக்லிண்ட் காய்ச்சலில் போனது பேரரசரின் ஆயர் இருந்தபோது. மறு குளிர்காலத்தில் போப்பின் ஆயர் வந்தார். தான் மறுத்தால் வேறொருவன் மண்வெட்டி அவள்மேல் படும் என்று அவனே தோண்டினான். அவள் நெய்த துணி பாதி மக்கியிருந்தது. மதிலுக்கு வெளியே, ஞானஸ்நானம் பெறாத குழந்தைகளும் தூக்கில் செத்தவர்களும் கிடக்கும் பேரிக்காய் மரத்தடியில் புதைத்தான். குருவானவர் எவரும் வரவில்லை. தனக்குத் தெரிந்த ஒரே செபத்தைச் சொல்லிவிட்டு வந்தான். கடைசி நாளில் செத்தவர்களை எழுப்ப எக்காளம் ஊதும்போது மதிலுக்கு வெளியே கேட்குமா என்பது அன்றிலிருந்து அவனை அரித்தது.

இந்த வசந்தத்தில் பேரரசரின் பழைய ஆயர் திரும்பிவிட்டார். வெளியே போட்டவர்களை உள்ளே கொண்டுவரக் கட்டளை. தோல் பதனிடுபவன், மாவரைப்பவனின் தாய் என்று ஒவ்வொருவராகக் கொண்டுவந்தான். இடுப்பு விட்டுப்போயிற்று. ரிக்லிண்ட் மட்டும் மிச்சம்.

ஆயரின் திருத்தொண்டர் எங்கில்பெர்ட் மரத்தடிக்கு வந்தார். "என்ன பெரியவரே, ஊரான் பொணத்தையெல்லாம் தூக்கிட்டு உம்ம சம்சாரத்த விட்டுட்டீரு?"

"அவ தூங்கட்டும் சாமி."

"உள்ள வந்தாத்தான்யா மோட்சம். ஆயரே வந்து மந்திரிக்கப் போறார்."

"அடுத்த ஆயர் வந்தா?"

"இனிமே எவனும் வரமாட்டான்."

"போன தடவ வந்த சாமியும் இதேதான் சொன்னாரு. நல்ல மனுசன். உங்களமாதிரியே குண்டு."

வேலியோரம் ஆடு மேய்த்துக்கொண்டிருந்த ஹெம்மா சிரிப்பை அடக்கினாள். "ஏண்ணே, இவரையும் ஒரு நாள் நீதான் தோண்டி வெளிய போடணும், ஞாபகம் வச்சுக்க."

எங்கில்பெர்ட்டின் முகம் சிவந்தது. "அவ வெளியவே கெடந்தா ஆண்டவர்கிட்ட யாரு பதில் சொல்றது?"

கெபினோ மண்வெட்டியில் சாய்ந்துகொண்டான்.

"நான்தான். அவ பக்கத்துலயே கெடந்து சொல்லிக்கிறேன். என்னையும் இங்கயே போட்டுருங்க."

திருத்தொண்டர் சிலுவை அடையாளம் போட்டுக்கொண்டு போய்விட்டார்.

கெபினோ அவளுக்கு இடப்பக்கம் வெட்டத் தொடங்கினான். வேர் குறுக்கே வந்தது. வெட்டாமல் வளைத்துத் தோண்டினான். பிறகு உள்ளே இறங்கி, கால் நீட்டிப் படுத்து அளவு பார்த்தான். போதுமானதாக இருந்தது. எழுந்திருக்கத்தான் மனம் வரவில்லை.