மூன்றாம் ஓலையில் ஒரு ‘ஆனா’

எங்கள் பங்கு மாதா கோயிலில் கல்யாண ஓலை வாசித்தபோது எழுந்து நின்று ஆட்சேபம் சொன்ன ஒரே ஆள், எனக்குத் தெரிந்து, நான்தான். அப்போது எனக்குப் பதினோரு வயது. கல்யாணம் என் அத்தையுடையது. குற்றம் முழுக்க ஆறாம் வகுப்பு இங்கிலீஷ் டீச்சருடையது என்று இன்றைக்கும் வாதாடத் தயாராக இருக்கிறேன்.

டீச்சர் ஒரு நாள் கரும்பலகையில் ‘பட்’ என்று எழுதினார். கீழே அதன் சொந்தபந்தங்களை வரிசையாக நிறுத்தினார்: யெட், ஸ்டில், ஹவ்எவர், நெவர்தலெஸ். எல்லாவற்றுக்கும் தமிழில் ‘ஆனால்’தானே, எதற்கு இத்தனை என்று கேட்டேன். கேள்வி கேட்காமல் ஒரு பீரியடை நான் விட்டதில்லை.

“ஒரே பாவாடையவா எல்லா எடத்துக்கும் கட்டிக்கினு போற? ‘பட்’ வூட்டுல கட்டிக்கறது. ‘ஹவ்எவர்’ இஸ்திரி போட்டு ஸ்கூலுக்கு. ‘நெவர்தலெஸ்’ திருவிழாவுக்கு” என்றார். அதோடு விட்டிருக்கலாம். “இதுங்களுக்கு முன்னாடி வர்றது மரியாதைக்குச் சொல்றது. பின்னாடி வர்றதுதான் விஷயம். யாராச்சும் ‘ஆனா’ன்னுட்டு நிறுத்துனா விட்டுடாதீங்க, விஷயத்த முழுங்கறாங்க” என்றும் சொன்னார்.

அன்று சாயங்காலமே வீட்டில் ஆரம்பித்துவிட்டேன். பாவாடை ஞாயமெல்லாம் எனக்குத் தேவைப்படவில்லை. திருவிழாச் சொல்லைத்தான் தினமும் எடுத்தேன். அப்பா பீங்கான் கம்பெனியில் சூளைக்காரர். நாள் முழுக்க நெருப்புக்கு எதிரே நின்றுவிட்டு வந்து “சாப்ட்டியா பாப்பா?” என்று கேட்டவரிடம், “நெவர்தலெஸ், பசிக்கல” என்றேன்.

“என்னாடி திட்டுது இது?”

“திட்டலண்ணா, படிக்குது” என்றாள் அத்தை.

அத்தை அப்பாவின் தங்கை. எனக்கு மூன்று வயதாகும்போது அம்மா தவறிவிட்டாள். அதிலிருந்து என் தலையில் எண்ணெய் வைத்ததும், காய்ச்சலுக்குக் கஞ்சி வைத்ததும், என் கேள்விகளுக்கெல்லாம் ஈடுகொடுத்ததும் அவள்தான். வந்த வரன்களை எல்லாம் ஏதோ சாக்குச் சொல்லித் தட்டிக்கழித்தாள். கர்வம் பிடித்தவள் என்று தெருவில் பேசிக்கொண்டார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். எனக்கு அதில் பெருமைகூட.

அந்த வருஷம் திட்டக்குடியிலிருந்து ஒரு கணக்கு வாத்தியார் வரன் வந்தது. இந்தத் தடவை அப்பா அவளிடம் சாக்குப்போக்கு எதையும் கேட்கத் தயாராக இல்லை. அத்தை தலையாட்டிவிட்டாள்.

மறுநாள் காலை எனக்குத் தலை வாரிக்கொண்டே யாரிடமோ சொல்வது போலச் சொன்னாள்: “எல்லாம் நல்லாத்தான் இருக்குது. நல்ல மனுசராத்தான் தெரியறாங்க. ஆனா...”

சீப்பு என் தலையில் பாதி வழியில் நின்றுவிட்டது.

“ஆனா?” என்றேன், மூச்சைப் பிடித்துக்கொண்டு.

“ஒண்ணுமில்ல. திரும்பு, ரிப்பன் கட்டணும்.”

விடுவேனா? அன்றிலிருந்து விசாரணை.

“அவரு மூக்கு பெருசுன்னா அத்தே?”

“போட்டோவுல பாத்தியே, மூக்கு மூக்காட்டம்தான் இருக்குது.”

“கணக்கு வாத்தியாரு, அடிப்பாருன்னா?”

“என்னைய எதுக்குடி அடிக்கறாங்க?”

“திட்டக்குடிக்கு ரயிலு இல்லியே, அதா?”

அத்தை சிரித்தாள். ஜங்ஷன் ஊரில் பிறந்த எனக்கு ரயில் வராத ஊர் பெருங்குறையாகத்தான் பட்டது. அவள் சிரித்ததால், அதுவாகத்தான் இருக்கும் என்று முக்கால்வாசி முடிவு செய்துவிட்டேன்.

கல்யாணத்துக்கு முன் மூன்று ஞாயிற்றுக்கிழமை பூசையில் சாமியார் ஓலை வாசிப்பார். இன்னார் மகனுக்கும் இன்னார் மகளுக்கும் கல்யாணம் என்று அறிவித்துவிட்டு, “தடை ஏதேனும் இருப்பதாக அறிந்தவர்கள் அதைத் தெரிவிக்கக் கடமைப்பட்டிருக்கிறார்கள்” என்று முடிப்பார். ஊர் அதைக் காதில் வாங்குவதே இல்லை. அந்த நேரத்தில்தான் பெண்கள் முக்காட்டைச் சரிசெய்வார்கள், ஆண்கள் இருமுவார்கள். நானோ புதுநன்மை என்கிற முதல் நற்கருணை வாங்கிய பெண். தெரிந்ததை மறைப்பது பாவம் என்று மனப்பாடமாகப் படித்தவள். முதல் ஓலைக்குப் பேசாமல் இருந்தேன், ஒரு பாவம். இரண்டாவதுக்கும் இருந்தேன், இரண்டு பாவம். நடுவில் அத்தையிடம் கடைசியாக ஒரு தடவை கேட்டுப் பார்த்தேன். அவள் என் பாவாடையின் ஓரத்தைப் பிரித்து, இன்னும் இரண்டு வருஷத்துக்கு ஆகும்படி இறக்கித் தைத்துக்கொண்டிருந்தாள்.

மூன்றாம் ஓலை. சாமியார் ‘கடமைப்பட்டிருக்கிறார்கள்’ என்று முடித்து ஏட்டை மூடப்போனார். நான் எழுந்து நின்றேன்.

“இருக்குது சாமி.”

கோயில் முழுக்க இருமல் நின்றது.

“என்னம்மா இருக்குது?”

“ஒரு ‘ஆனா’ இருக்குது.”

ஆண்கள் பக்கத்திலிருந்து ஒரு சிரிப்பு கிளம்பிப் பாதியில் செத்தது. அங்கே அப்பாவின் முகம் வேகாத களிமண் நிறத்தில் இருந்தது. சாமியார் கண்ணாடியைக் கழற்றினார்.

“யாருக்கு?”

“அத்தைக்கு. எல்லாம் நல்லாத்தான் இருக்குது, ஆனான்னாங்க. அதுக்கு மேல சொல்ல மாட்டேங்கறாங்க.”

அத்தை என் கையைப் பிடித்து உட்கார வைத்தாள். கிள்ளப்போகிறாள் என்று பல்லைக் கடித்துக்கொண்டேன். கிள்ளவில்லை. பிடித்த கையைப் பூசை முடியும்வரை விடவும் இல்லை.

வெளியே வந்ததும் பக்கத்து வீட்டு அக்கா பிடித்துக்கொண்டாள். “அமைஞ்சதே இந்த ஒரு நல்ல எடம். அதையும் கெடுத்துட்டியேடி, வாயாடி! இனிமே எவன் வருவான்?” அப்பா மூன்று நாள் என்னிடம் பேசவில்லை. டீச்சரின் சொற்களில் எதையும் நானும் வாயில் எடுக்கவில்லை. கல்யாணம் நின்றுபோனால் அத்தை என்னை என்ன நினைப்பாள் என்பது ஒன்றே தலைக்குள் ஓடிக்கொண்டிருந்தது.

சேதி பஸ் ஏறித் திட்டக்குடிக்குப் போய்விட்டது. புதன்கிழமை சாயங்காலம் மாப்பிள்ளை தனியாக வந்து நின்றார். பெரியவர்கள் இல்லாமல் மாப்பிள்ளை மட்டும் வந்தால் ஒரே அர்த்தம்தான் என்று தெருவே நினைத்தது. அப்பா நாற்காலியைத் துடைத்துப் போட்டார். நான் கதவுக்குப் பின்னால்.

“அந்த ஆனாப் பொண்ணு எங்க?”

வந்து நின்றேன். மூக்கு மூக்காட்டம்தான் இருந்தது.

“இங்கிலீஷ்ல அதுக்கு என்னென்ன சொல்லுவ?”

ஐந்தையும் ஒப்பித்தேன். ‘நெவர்தலெஸ்’ஸை இரண்டு தடவை சொல்ல வைத்து, “எனக்குக் கணக்கோட சரிம்மா” என்றார். பிறகு அத்தை நின்ற அடுப்படிப் பக்கம் பார்த்து, கொஞ்சம் தயங்கி, “அந்த ஆனாவுக்கு அப்பறம் என்னான்னு தெரிஞ்சுக்கினு போலாம்னுதான் வந்தேன்” என்றார்.

ஆஹா, இதோ தெரியப்போகிறது என்று நான் தரையில் உட்காரப்போனேன். அப்பா மூன்று நாளில் முதல்முறையாக என்னிடம் வாய் திறந்தார்: “ஓடிப்போயி மூணு கலரு சோடா வாங்கிக்கினு வா.”

உலகத்தில் இப்படி ஒரு அநியாயம் உண்டா? ஸ்டேஷன் ரோட்டு முனைக்குப் பறந்தேன். கடைக்காரர் பாட்டிலை எடுக்காமல், “என்னா பாப்பா, உங்க அத்தைக்கு என்னாவாம்?” என்று கதை கேட்டார். நான் திரும்பியபோது எல்லாம் முடிந்திருந்தது. அத்தை வாசற்படியருகே நின்றிருந்தாள். கண் சிவந்திருந்தது, ஆனால் அழுகிற முகம் இல்லை. அப்பா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். மாப்பிள்ளை என் கையிலிருந்து கலரை வாங்கி அப்பாவுக்கு ஒன்றைக் கொடுத்து, அவர் ஒரு வாய் குடித்ததும் கேட்டார்:

“இந்தத் தெருவுல வாடகைக்கு வூடு கெடைக்குமாங்க? காலையில திட்டக்குடிக்கு மொத பஸ்ஸு எத்தன மணிக்கு?”

எனக்குப் பளிச்சென்று புரிந்துவிட்டது. “நாஞ்சொன்னேன்ல! திட்டக்குடிக்கு ரயிலு இல்ல, அதானே அத்தே?”

மூன்று பேரும் ஒரே நேரத்தில் சிரித்தார்கள். அப்பாவுக்குச் சிரிப்போடு கண்ணில் நீரும் வந்தது, கலர் புரையேறியிருக்கும். “அதேதான் பாப்பா” என்றார் மாமா. அந்த நிமிஷத்திலிருந்து அவர் எனக்கு மாமா.

குறித்த நாளில் கல்யாணம் நடந்தது. மூன்று வீடு தள்ளிக் குடிவந்தார்கள். அத்தை முன்பு போலவே காலையில் வந்து எனக்குத் தலை வாரிவிட்டாள். மாமா விடியலில் முதல் பஸ்ஸைப் பிடித்துத் திட்டக்குடி போய், பொழுது சாய்ந்து சட்டை முழுக்கப் புழுதியோடு திரும்பினார். மழைக்கும் போனார், காய்ச்சலோடும் போனார். என் சொல்லுக்கு ஊரில் எவ்வளவு மதிப்பு என்று சிநேகிதிகளிடம் அளந்துகொண்டிருந்தேன். மனிதருக்குப் பஸ் பயணம் பிடிக்கும்போல என்றும் சொல்லிவைத்தேன்.

பள்ளி முடித்து நான் திருச்சியில் காலேஜ் ஹாஸ்டலுக்குப் போனேன். அதே ஜூன் மாதம் அவர்கள் வீட்டைக் காலி செய்துகொண்டு திட்டக்குடிக்குக் குடிபோனார்கள். எனக்கு ஆத்திரமான ஆத்திரம். இத்தனை வருஷம் இருந்தவர்களுக்கு, நான் லீவுக்கு வரும்வரை பொறுக்க முடியாதா? ஹவ்எவர், நெவர்தலெஸ் எல்லாம் போட்டு நான்கு பக்கம் கடிதம் எழுதினேன்.

ஒரு கார்டில் மாமாவின் பதில் வந்தது: “பஸ்ஸு அலுத்துப்போச்சு பாப்பா.”

அதையும் நான் நம்பினேன்.