இன்னைக்கு எந்த மலை?

தம்பி ரவியின் அழைப்பு வந்தபோது அலுவலக வரவுப் பதிவேட்டில் கையெழுத்திட்டுக்கொண்டிருந்தேன். "அக்கா, எங்க நிக்கிற?" என்றான். நம் தேயிலைத் தோட்டத்தில் வளர்ந்தவர்கள் தொலைபேசியில் முதலில் கேட்பது அதைத்தான். "ஆபீஸ்ல" என்றேன். அவன் சொன்னான்: "பாக்கியம் ஆயா போயிட்டாங்க அக்கா. வெடியக்காலம். வாசல்ல சாஞ்சி உக்காந்தபடியே."

முப்பத்தோராம் நாளுக்கு அச்சிடும் நினைவு மலருக்கு என்னையும் எழுதச் சொன்னார்கள். டயகமைக்கு மேலே, நம் தோட்டத்துப் பிள்ளை மடுவத்தில் அவர் கையில் வளர்ந்தவர்களே இதைப் படிக்கப்போகிறீர்கள். அம்மாக்கள் கொழுந்து பறிக்கப் போனபின் நம்மை வைத்துக்கொண்டிருந்தவர் என்று உங்களுக்கு அவரை அறிமுகப்படுத்தத் தேவையில்லை. ஆனால் அவரைப் பற்றி நீங்கள் சிரித்துப் பேசும் ஒரு பழக்கம் எப்படி வந்தது என்று உங்களில் இளையவர்களுக்குத் தெரியாது. அதை எழுத வேண்டியவள் நான்.

காலையில் பெரட்டுக் களத்தில் பெயர் கொடுத்துவிட்டு அம்மாக்கள் மடுவத்துக்கு வருவார்கள். ஆயா குழந்தையை வாங்கும்போதே "இன்னைக்கு எந்த மலை?" என்று கேட்பார். "நாலு." "ஆறு." ஒவ்வொரு மலைக்கும் ஒரு நம்பர். எதையும் எழுதிவைக்க மாட்டார், எதையும் மறக்கவும் மாட்டார்.

"தொர கூட எங்கள இம்புட்டு வெசாரிக்கிறதில்ல. மாமியா மாதிரி கேக்குறியே" என்று ஒரு நாள் என் அம்மா சீண்டியது நினைவிருக்கிறது.

"ஒம் மாமியா கேட்டா நீ உண்மையச் சொல்லிருவியாக்கும்" என்றார் ஆயா. வரிசையில் நின்ற பெண்கள் கூடையை அசைத்து அசைத்துச் சிரித்தார்கள்.

அழுகிற பிள்ளையிடம் "அம்மா இப்ப வந்துருவா" என்று அவர் சொல்லி நான் கேட்டதில்லை. சொல்பவர்களையும் தடுப்பார். "வந்துருவான்னு சொல்லாதீங்கடி. அதுக்கு நேரம் தெரியுமா? எங்க நிக்கிறான்னு சொல்லுங்க. அந்தப் பக்கம் பாத்துக்கிட்டு இருக்கும்." பிள்ளையை ஜன்னலுக்குத் தூக்கிக் காட்டுவார். "அந்தா, சவுக்கு மரத்துக்குக் கீழ. அதான் நாலு. அங்கதான் ஒங்கம்மா நிக்கிறா. கொழுந்து நிறுத்துட்டு இந்த ரோட்டால எறங்குவா." மூட்டம் வந்து எல்லாவற்றையும் மூடிவிட்டாலும் விடமாட்டார். "மூட்டம் மூடுனா மலை எங்க போயிரும்?" என்பார். நாங்கள் வெள்ளையாய்க் கிடந்த அந்தப் பக்கத்தையே பார்த்துக்கொண்டிருப்போம். அழுகை நின்றுவிடும்.

அப்போது எனக்கு ஒன்பது வயது. ரவிக்கு ஒன்று. பள்ளிக்கூடம் விட்டதும் மடுவத்துக்குப் போய், அம்மா வரும்வரை அவனைப் பார்த்துக்கொள்வது என் வேலை. அன்று அம்மா நாலாம் நம்பர் மலை. பகல் நிறுவை முடிந்து ரவிக்குப் பால் கொடுக்க வந்தபோதும் நாலு என்றுதான் சொன்னாராம்.

மூன்று மணியிருக்கும். ரோட்டில் ஒருவர் கத்திக்கொண்டு ஓடினார். "ஒம்பதுல குளவி கலைஞ்சிருச்சு! லொறிய அனுப்பச் சொல்லுங்க!"

ஜெயா வீரிட்டாள். என் வகுப்புக்காரி. அவளும் தங்கையைப் பார்க்க வந்திருந்தாள். அவள் அம்மா ஒன்பதில். நான் ரவியைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டேன். ஆயா என் தோளைப் பிடித்து ஜன்னல் பக்கம் திருப்பினார். "ஒங்கம்மா நாலுலதான நிக்கிறா. அந்தா பாரு. ஒம்பது இல்ல புள்ள. நீ பயப்படாத."

நான் நாலாம் நம்பர் மலையைப் பார்த்தேன். சவுக்கு மரம் நின்றது. பயம் போய்விட்டது. ஆயா பிசைந்து வைத்திருந்த திரிபோஷா மா உருண்டையைத் தின்றேன். ஜெயா தொடாமல் வைத்திருந்ததையும் எடுத்துத் தின்றேன். "எங்கம்மா நாலு" என்று அவளிடம் சொன்னேன். ஒரு தடவை அல்ல.

நான்கரை மணிக்கு ஜெயாவின் அம்மா வந்தார். முகம் வீங்கி ஒரு கண் மூடியிருந்தது. ஆனால் நடந்து வந்தார். என்னைப் பார்த்ததும் அப்படியே வாசலில் உட்கார்ந்துவிட்டார். பின்னால் கங்காணி வந்தார். ஆயா வெளியே போய் விசாரித்தது என் காதில் விழுந்தது.

"ஆஸ்பத்திரிக்கு யார யாரக் கொண்டு போனாங்க?"

"ஒம்பதுல கொழுந்து எடுத்து முடியாதுன்னு பகலைக்கு அப்புறம் நாலுலருந்து பத்துப் பேர மாத்துனேன் பாக்கியம்" என்றார் கங்காணி. "இந்தப் புள்ளையோட அம்மாவையுந்தான். லொறியிலயே..." தலைத் துண்டை எடுத்து வாயில் வைத்துக்கொண்டார்.

ஆயா உள்ளே வந்தார். ஜன்னலைச் சாத்தினார்.

மறுநாள் தொடங்கியதுதான் அந்தப் பழக்கம். பகலுக்குப்பின் மலை மாறினால், மடுவத்தைக் கடந்து போகும் பெண்கள் ரோட்டிலிருந்தே புது நம்பரைக் கத்திவிட்டுப் போக வேண்டும். கங்காணிமார் முதலில் முறைத்தார்கள். "எனக்குச் சொல்லாம ஒருத்தியையும் மாத்தக் கூடாது" என்று அவர் பெரட்டுக் களத்தில் போய் நின்றதாகச் சொல்வார்கள். "ஏழு!" என்று ரோட்டிலிருந்து சத்தம் வரும். உள்ளே இருக்கும் பிள்ளைகள் "ஏழு!" என்று திருப்பிக் கத்துவார்கள். நீங்கள் விளையாட்டென்று நினைத்துக் கத்தியது அதுதான். பேச்சு வந்ததும் ரவியும் கத்துவான், நம்பர் சொல்ல அவனுக்கு யாரும் இல்லாமலே. நான் காதைப் பொத்திக்கொள்வேன்.

அந்தச் சத்தம் ஒரு நாள் முந்தி தொடங்கியிருந்தாலும் அம்மா பிழைத்திருக்க மாட்டார். அது எனக்குத் தெரியும். ஆனால் ஒன்றரை மணி நேரம் வேறு மலையைப் பார்த்துக்கொண்டு, இன்னொருத்தியின் உருண்டையையும் தின்றுகொண்டு நான் இருந்திருக்க மாட்டேன். அதற்காகத்தான் அவர்மீது கோபம். பதினாறு வயதில், ஹட்டனுக்குப் படிக்கப் புறப்பட்ட அன்று, விபூதி பூச வந்தவரின் கையைத் தட்டிவிட்டு "நீங்க பொய் சொன்னீங்க" என்றேன்.

"பொய்யில்ல புள்ள" என்றார். "தப்பு. பொய்யின்னா மன்னிப்புக் கேட்டுருவேன். இதுக்கு என்னத்தக் கேக்குறதுன்னு தெரியல."

நான் பஸ்ஸில் ஏறிவிட்டேன். பிறகு படிப்பு, வேலை, கல்யாணம். கொட்டகலைக்கு வந்து இருபது வருடமாகிறது. அங்கிருந்து தோட்டத்துக்கு பஸ்ஸில் அரை நாள்கூட ஆகாது. அவர் ஓய்வுபெற்றபின் ஞாயிறுதோறும் தொலைபேசியில் பேசுவார். "எங்க நிக்கிற தனம்?" என்றுதான் தொடங்குவார். குசினி, கடை, கோயில் என்று சொல்வேன். "சரி சரி" என்பார், பார்த்துவிட்டவரைப் போல. கோபம் எப்போது போனது என்று எனக்கே தெரியாது. போய்விட்டது என்று அவரிடம் சொல்ல வேண்டும் என்பது மட்டும் தெரியும். அவர் அதைத்தான் எதிர்பார்த்தார் என்பதும் தெரியும். அடுத்த தீபாவளிக்குச் சொல்லலாம், நேரில் சொல்லலாம் என்றிருந்தேன்.

கடைசி ஞாயிறு அவர் குரல் மெலிந்திருந்தது. "ஒரு தடவ வந்துட்டுப் போ. ஒங்கிட்ட ஒன்னு கேக்கணும்."

"இந்தா வந்துர்றேன் ஆயா" என்றேன்.

எந்தப் பிள்ளையிடமும் அவர் சொல்லாத சொல்லை அவரிடமே சொன்னேன். அவர் "சரி சரி" என்று சொல்லவில்லை.

சாவு வீட்டில், ஆயாவை வைத்துப் பார்த்த அவருடைய அண்ணனின் மருமகள் என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார்: "ஒரு வாரமா வாசல விட்டு எழும்பல அக்கா. தனம் வருதாம்னு சொன்னோம். எங்க நிக்குதாம்னு கேட்டாங்க. எங்களுக்கு என்ன தெரியும்? ரோட்டையே பாத்துக்கிட்டு இருந்தாங்க."

என் மகள் கண்டியில் படிக்கிறாள். வந்துவிடுகிறேன் என்று அவளிடம் சொல்வதை நிறுத்திவிட்டேன். இருக்கும் இடத்தைச் சொல்கிறேன். அவரிடமிருந்து நான் வைத்துக்கொண்டது அவ்வளவுதான். அதையும் பிந்தித்தான் எடுத்துக்கொண்டேன்.

ஆயா, அந்த வாரம் முழுவதும் நான் கொட்டகலையில்தான் நின்றேன். மழை இல்லை. பஸ் ஓடியது.