டாக்டர் போயிட்டாரு

அந்தச் சுகாதார நிலையத்தில் மொத்தம் இரண்டே அறைகள். வெளி அறையில் ஒரு பெஞ்சு, உள் அறையில் ஒரு கட்டில், இரண்டுக்கும் சேர்த்து ஒரே நர்ஸ். பதினோரு வருடமாக ஊசி போடுவதிலிருந்து கூட்டிப் பெருக்குவது வரை எல்லாம் அவர்தான். ஊரார் அவருக்கு வைத்த பெயர் மைக் அக்கா. அவர் உள்ளே பேசினால், எதிர்ச்சாரியில் தையல் கடை வைத்திருக்கும் அவருடைய கணவர் மெஷினை நிறுத்தாமலே பதில் சொல்வார்.

மூன்று மாதத்துக்கு முன் கட்டிலின் தலைமாட்டில் ஒரு திரை வந்து உட்கார்ந்தது. அதில் நகரத்து டாக்டர் தெரிவார். உடம்புக்கு என்னவென்று சொன்னால் மருந்து சொல்வார். நான்கு மணி நேரம் பஸ்ஸில் இடிபட வேண்டாம். அக்காவுக்குத் தலைகால் புரியவில்லை. வீடு வீடாக ஏறி இறங்கிச் சொன்னார். டிவியிடம் போய் நாக்கை நீட்டுவதா என்று கேட்டுவிட்டு அவரவர் வேலையைப் பார்த்தார்கள். பதிவேட்டில் இதுவரை எழுதிய பெயர்கள் ஒன்பது. அதில் இரண்டு பெயர் அக்காவின் கணவருடையது: இருமல் வந்ததற்கு ஒன்று, இருமல் நின்றதைச் சொல்ல ஒன்று.

வெள்ளிக்கிழமை சாயங்காலத்துக்குள் முப்பது பேர் சேராவிட்டால் அந்தத் திரைப் பெட்டியைக் கழற்றி வேறு ஊருக்கு அனுப்பிவிடுவதாக மேலதிகாரி போனில் கறாராகச் சொல்லிவிட்டார்.

அந்த வெள்ளிக்கிழமை காலையில் அக்கா கெஞ்சிக் கூத்தாடி ஒரு கொத்தனாரை இழுத்து வந்தார். அவர் காலில் ஆறாத புண். நகரத்துக்குப் போகச் சொன்னால் ஒவ்வொரு வாரமும் ‘அடுத்த வாரம்’ என்பார். பெட்டி போனால் இந்தக் காலும் போய்விடும் என்று அக்கா பயந்தார்.

டாக்டர் வயதானவர்; தலை நரைத்தவர், குரல் மெலிந்தவர். புண்ணை இன்னும் கொஞ்சம் கிட்டே காட்டச் சொல்ல வாயைத் திறந்தவர், திறந்தபடியே அசையாமல் நின்றார். பிறகு திரை கறுத்துவிட்டது.

வெளி பெஞ்சில் வந்து உட்கார்ந்திருந்த பள்ளிக்கூட வாட்ச்மேன் என்ன ஆயிற்று என்று கேட்டார். அக்கா வயரைப் பிடுங்கிச் செருகிக்கொண்டே தன் வழக்கமான குரலில் சொன்னார்:

"டாக்டர் போயிட்டாரு."

"ஐயோ, பேசிட்டு இருக்கும்போதேவா?"

"ஆமாண்ணே. நல்லாத்தான் இருந்தாரு. வாயைத் திறந்தாரு, அப்படியே போயிட்டாரு."

வாட்ச்மேன் தொப்பியைக் கழற்றினார். எதிர்ச்சாரியில் தையல் மெஷின் நின்றது, கடைக் கதவு பாதிக்கு இறங்கியது. அரை மணி நேரத்தில் தெருவே திரண்டுவிட்டது. அந்தப் பக்கமே தலைவைத்துப் படுக்காதவர்களெல்லாம், தங்கமான மனுஷன், ஒரு தடவையாவது வந்து பார்த்திருக்கலாம் என்று உச்சுக்கொட்டினார்கள். உள்ளே தரையோடு தரையாக வயரோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்த அக்காவுக்கு எதுவும் தெரியாது.

திடீரென்று திரை வெளுத்தது.

"ம், காலைக் காட்டுங்க" என்றார் டாக்டர்.

வாசலில் நின்ற கூட்டம் இரண்டடி பின்னால் போனது. வாட்ச்மேன் மட்டும் துணிந்து முன்னால் வந்தார்.

"சார், நீங்க போயிட்டீங்கன்னு அக்கா சொன்னாங்களே."

"நான் எங்கேப்பா போனேன்? லைன்தான் போச்சு."

அக்காவுக்கு அப்போதுதான் உறைத்தது. அவர் தலையில் கைவைத்துக்கொண்டு உட்கார, டாக்டர் கண்ணாடி நழுவும்வரை சிரித்தார். கொத்தனார் சிரித்த சிரிப்பில் கட்டில் ஆடியது. எல்லாரும் சிரித்து ஓய்ந்த பிறகு டாக்டர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"எனக்காக இவ்வளவு பேரா! வந்ததுதான் வந்தீங்க, ஆளுக்கு ரெண்டு நிமிஷம் உடம்பைக் காட்டிட்டுப் போங்களேன்."

வரிசை வாசலைத் தாண்டித் தெருவுக்குப் போனது. தையல்காரரும் அதில் நிற்கப் பார்த்தார். அக்கா அவரை விரட்டிவிட்டு ஓடி ஓடிப் பெயர் எழுதினார். விரலில் குத்திப் பார்த்ததில் கொத்தனாருக்குச் சர்க்கரை ஏறியிருந்தது. டாக்டர் மாத்திரை எழுதி, மூன்று நாளைக்கு ஒரு தடவை புண்ணைக் காட்டச் சொன்னார்.

சாயங்காலம் அதிகாரியின் போன் வந்தது. நாற்பத்திரண்டு பேர் என்றார் அக்கா. அதிகாரி நம்பாமல் பெயர்களைப் படிக்கச் சொல்லிக் கேட்டார். கடைசியில், பெட்டி அங்கேயே இருக்கட்டும் என்றார்.

புதுக் கட்டோடு உட்கார்ந்திருந்த கொத்தனாரின் முகம் தொங்கிவிட்டது.

"அப்போ நான் திங்கக்கிழமை வந்துதான் ஆகணுமா?"

"வரலைன்னா பெட்டியைத் தூக்கிட்டு நீங்க வேலை பார்க்குற சாரத்து மேலயே ஏறிடுவேன்."

கொத்தனார் அக்காவின் முகத்தைப் பார்த்தார். செய்தாலும் செய்வார் என்று தோன்றியது. மருந்துச் சீட்டை மடித்துச் சட்டைப் பையில் பத்திரமாக வைத்துக்கொண்டார்.