வீட்டுக்குள்ளும் முக்காடு

வியாழக்கிழமை பின்னேரங்களில் எங்கள் வீட்டுக் கடைசி அறையிலிருந்து சாம்பிராணிப் புகை கிளம்பி, கதவிடுக்கால் வெளியே வந்து, விறாந்தையில் காயப்போட்டிருந்த மிளகின் காரத்தோடு கலந்து எல்லோருக்கும் தும்மல் வரவைக்கும். உள்ளே உம்மா தலைக்குக் குளித்துவிட்டு, தணல் சட்டிக்கு மேலே கவிழ்த்த கூடையில் கூந்தலை விரித்துப்போட்டுச் சாய்ந்திருப்பார். இடுப்புக்குக் கீழே இறங்கிய முடி அது. மாத்தளையில் பால்காரரிலிருந்து பள்ளிக்கூட அதிபர் வரைக்கும் எல்லோரும் கண்டது உம்மாவின் முக்காட்டை மட்டும்தான், அதனாலேயோ என்னவோ வாப்பாவுக்கு அந்த முடியில் அப்படியொரு பெருமை. தம்புள்ளையில் மரக்கறி லொறிகளுக்கு நடுவே தொண்டை கிழியக் கத்திவிட்டு வருகிற மனிதர், அறை வாசலில் நின்று, "ஊடு பத்திக்கிட்டுதாக்கும் எண்டு ஓடி வந்தேன்" என்பார். "ஊருல ஒருத்தருக்கும் காணக் கிடைக்காததை நான் மட்டும் காணுறேன்" என்றும் சொல்வார். "புள்ள ஈக்கிறா, சும்மா போங்க" என்று உம்மா விரட்டுவார்.

நான் மத்ரஸாவில் குர்ஆன் ஓதிக்கொண்டிருந்த வயதில் உம்மாவுக்கு மார்பில் ஒரு கட்டி வந்தது. பெரியவர்கள் நோயின் பெயரைச் சொல்லவில்லை. "அந்த வருத்தம்" என்றார்கள். கண்டிக்கு பஸ்ஸில் போய் "மருந்து ஏத்தி"க்கொண்டு வருவார், வந்து இரண்டு மூன்று நாள் சோற்று வாடையே ஆகாது. முடி கொட்டும் என்று டொக்டர் முன்கூட்டியே சொல்லியிருந்தார். அப்போது உம்மாவின் மூத்த சகோதரியான பெரியும்மா சொன்ன ஆறுதல் எங்கள் குடும்பத்தில் எல்லோருக்கும் பிடித்துப்போனது: "அல்ஹம்துலில்லாஹ், நாங்க முக்காடு போடுற ஆக்கள். மத்தப் பொம்புளைகளுக்குத்தான் இது பெரிய கவல. உங்களுக்கு மொட்ட எண்டு வெளியில ஒரு காக்காக் குஞ்சுக்கும் விளங்காது."

கேட்டவர்கள் எல்லோரும் தலையாட்டினார்கள். உம்மாவும் ஆட்டினார். எங்கள் பெண்கள் முடியை மறைப்பது வெளியாட்களுக்குத்தான், அதைக் காட்டுவதற்கென்று இருக்கிற ஒரே இடம் வீடு, ஆகவே இழப்பும் வீட்டுக்குள்ளேதான் நடக்கப்போகிறது என்ற சின்னக் கணக்கு அங்கே ஒருவருக்கும் தட்டுப்படவில்லை.

முடி போனது. பின்னாலேயே புருவமும் போனது. அதை ஒருவரும் எதிர்பார்த்திருக்கவில்லை. முக்காட்டுக்குள் வட்டமாகத் தெரிகிற முகத்தில் புருவம் இல்லாவிட்டால் கண் எங்கே தொடங்குகிறது என்றே தெரியாது. உம்மாவின் தங்கை, கல்யாணம் பேசி முடித்திருந்த எங்கள் சாச்சி, பென்சில் வாங்கி வந்து வரைந்துவிட்டாள். கொஞ்சம் மேலே ஏற்றி வரைந்துவிட்டதால், அன்றைக்கு முழுக்க உம்மா யாரோ திடுக்கிட வைத்த மாதிரியே இருந்தார். நான் விழுந்து விழுந்து சிரித்தேன், உம்மாவும் சிரித்தார். நகங்கள் கறுத்தபோது அவராகவே "மருதோண்டி" அரைத்துப் போட்டுக்கொண்டார். கல்யாணம் எனக்கு, சிவந்த விரல் அக்காவுக்கா என்று சாச்சி பகிடி பண்ணினாள்.

இதையெல்லாம் தாங்கினவர், வீட்டுக்குள்ளும் முக்காட்டைக் கழற்றாமல் விட்டார். சமைக்கும்போதும் முக்காடு, படுக்கும்போதும் முக்காடு. நான் ஒரு தடவை குளியலறை வாசலில் அவர் தலையைக் கண்டுவிட்டேன். என்னிடம் அவர் பெரிதாக மறைக்கவில்லை. மறைத்தது வாப்பாவிடம். அவர் வருகிற சத்தம் கேட்டாலே கை தானாக நெற்றிக்குப் போய்த் துணியை இழுத்துவிடும். வாப்பாவுக்கும் விளங்கிவிட்டது, சொந்த அறைக்குள் போகுமுன் வாசலில் நின்று ஒரு தடவை செருமுவார், பிறர் வீட்டுக்குள் போகிற மனிதர் மாதிரி.

பெண்கள் யார் யாருக்கு முன்னால் மறைக்க வேண்டும், யாருக்கு முன்னால் வேண்டியதில்லை என்று மத்ரஸாவில் அந்த வாரம்தான் படித்திருந்தேன். எனக்கு இருந்தது சந்தேகம்தான், வேறொன்றுமில்லை. "உம்மா, வாப்பா இப்ப உங்களுக்கு அந்நிய ஆம்புளயா?" என்று கேட்டேன்.

உம்மா கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். கோபப்படவில்லை. "இல்ல மகள்" என்றார். "என்னக் கண்டா அவர் பாவமாப் பாப்பார். அந்தப் பார்வ மட்டும் எனக்குத் தாங்க ஏலா."

சாச்சிக்கு உக்குவளையில் மருதோண்டி வைக்கிற நாள் வந்தது. கல்யாணத்துக்கு முதல் நாள் பெண்கள் மட்டும் கூடுகிற பகல் அது. ஆண்களை வெளியே அனுப்பிக் கதவைச் சாத்தியதும் முக்காடுகள் இறங்கிக் கதிரை முதுகுகளில் தொங்கும், பூவும் பின்னலும் வெளியே வரும், ஒருத்தி முடியை ஒருத்தி பிடித்துப் பார்ப்பாள். நிக்காஹ் முடியும்வரை உம்மாவின் வருத்தம் மாப்பிள்ளை வீட்டுக்குத் தெரியக் கூடாது, பரம்பரை என்று நினைத்துவிட்டால் சம்பந்தம் முறிந்துபோகும் என்று பெரியும்மா படித்துப் படித்துச் சொல்லியிருந்தார். அந்தக் கூட்டத்தில் முக்காட்டோடு இருந்தது உம்மா ஒருத்தர்தான்.

மாப்பிள்ளையின் தாய் நல்ல மனுஷி. உம்மாவுக்கு வேர்த்து வழிவதைக் கண்டு, "எடுங்க மகள், எல்லாம் பொம்புளைகள்தானே" என்றார். உம்மா புன்னகைத்தார். கொஞ்ச நேரம் கழித்து அந்தம்மா பாசத்தோடு மறுபடியும் சொன்னார், பக்கத்தில் இருந்தவர்களும் சேர்ந்துகொண்டார்கள். பெரியும்மா அவசர அவசரமாகச் சர்பத் கொடுத்துப் பேச்சை மாற்றப் பார்த்தார். உம்மா சாச்சியின் உள்ளங்கையில் முதல் பொட்டு மருதோண்டியை வைத்துவிட்டு, விரலைத் துடைத்து, ஊசியைக் கழற்றி, முக்காட்டை இறக்கி மடியில் வைத்தார். "எனக்கு அந்த வருத்தம், மாமி. மருந்துக்கு முடி போயிட்டு" என்றார்.

பெரியும்மாவின் முகம் போன போக்கை இன்று நினைத்தாலும் எனக்குச் சிரிப்பு வருகிறது. அந்தம்மா உம்மாவின் தலையைப் பார்த்தார். "யா அல்லாஹ், அதையும் வச்சிக்கிட்டா இம்புட்டு நேரம் வெக்கையில இருந்தீங்க" என்று சொல்லி, காற்றாடியை உம்மா பக்கம் திருப்பிவிட்டார். கல்யாணம் குறித்தபடி நடந்தது.

நான் வீட்டுக்கு வரும் வழியெல்லாம் சந்தோஷமாக இருந்தேன், எல்லாம் முடிந்துவிட்டது என்று நினைத்து. கேற்றடியில் வாப்பாவின் செருப்பைக் கண்டதும் உம்மா நின்று, முக்காட்டை நெற்றிவரை இழுத்து, ஊசியைச் சரிபார்த்துக்கொண்டுதான் உள்ளே போனார்.

நடந்ததைக் கல்யாண விருந்துக்குப் பிறகு பெரியும்மா முறைப்பாடு மாதிரி வாப்பாவிடம் சொன்னார். வாப்பா சோற்றுக் கோப்பையைத் தள்ளி வைத்தார். பிறகு, சந்தையில் கத்துகிற அந்தக் குரல் எங்கே போனதோ, மெதுவாகச் சொன்னார்: "நேத்துக் கண்ட ஆக்களுக்குக் காட்டி ஈக்கிறா, மதினி. எனக்குக் காட்டல்ல."

உம்மா குசினியில் இருந்தார், அது அவருக்குக் கேட்டது. வெளியே வரவில்லை.

அடுத்த நோன்புக்கு முன்னமே முடி திரும்ப முளைத்தது, நரைத்தும் சுருண்டும், உம்மாவுடையது இல்லாத மாதிரி. வாப்பா பார்க்கக் கேட்டபோது, "கொஞ்சம் வளரட்டும்" என்றார். தோள் வரைக்கும் வந்தபோதும் அதையே சொன்னார். வாப்பா கேட்பதை விட்டுவிட்டார். சண்டை ஒன்றுமில்லை, தம்புள்ளையிலிருந்து உம்மாவுக்குப் பிடித்த பலாக்கொட்டை வரும், அவருடைய சாரத்தை உம்மா வேறு யாரிடமும் துவைக்கக் கொடுக்க மாட்டார். இரண்டு பேரும் ஒருவருக்கொருவர் உயிராகத்தான் இருந்தார்கள், அந்தத் துணி மட்டும் நடுவில் கிடந்தது. வருஷக்கணக்காக அது ஒரு வழக்கமாகவே போய்விட்டது.

சில வருடங்களுக்கு முன் வாப்பா மௌத்தானார். மிளகு காய்ந்த விறாந்தையை இடித்து அங்கே இப்போது டெலிபோன் கடை ஒன்று வந்திருக்கிறது. உம்மா அலுவிகாரையில் என்னோடு இருக்கிறார், நோயும் திரும்பி வரவில்லை. கணவனை இழந்தவள் இருக்க வேண்டிய இத்தா முடிந்து சில நாட்களில், ஒரு காலை, நரைமுடியைத் தோளில் விட்டபடி வெறுந்தலையோடு குசினிக்குள் வந்தார். முடி திரும்ப முளைத்த பிறகு வீட்டுக்குள் அவர் அப்படி நடமாடி நான் கண்டதே இல்லை. கையிலிருந்த அகப்பையோடு திரும்பி, "முக்காடு எங்க உம்மா?" என்று கேட்டேன்.

"இனி ஊட்டுக்குள்ள யாருக்கு மகள் மறைக்கிற?" என்றார்.