வலது தோளும் மாசிபத்திரிப் புகையும்

மாதா கோயிலில் சிலுவை போடும்போதுதான் கவனித்தேன். வலது கை நெற்றிக்கு வரவில்லை. நெற்றிதான் குனிந்து கைக்குப் போனது. சுற்றியிருந்தவர்கள் பக்தி என்று நினைத்திருப்பார்கள். என் மனைவி நினைக்கவில்லை.

"ஏனுங்க, கையத் தூக்க முடியலீங்களா?" என்று பூசை நடுவிலேயே கேட்டாள்.

"குளிரு" என்றேன்.

அப்போது ஐப்பசி. தை பிறந்தால் மிளகு பறிக்க வேண்டும். ஏற்காடு மலையில், கொட்டச்சேட்டில் எனக்கு ஏழு ஏக்கர் காப்பியும் மிளகும் இருக்கிறது. ஐந்தாம் வகுப்போடு நின்று, எஸ்டேட்டில் காப்பிப்பழம் பறித்தவன், யாருடைய தயவும் இல்லாமல் வாங்கிய ஏழு ஏக்கர். படித்தவர்கள் பலர் இந்த மலையில் இருந்ததை விற்றுவிட்டுப் போனார்கள். நான் வாங்கினேன். சில்வர் ஓக் மரங்களில் நான் ஏற்றிவிட்ட மிளகுக் கொடிகளை இதுவரை கூலியாள் ஒருவரும் தொட்டதில்லை. ஒற்றை மூங்கிலை மரத்தில் சாத்தி, கணுவுக்குக் கணு கால் வைத்து ஏறி, இடது கையால் மரத்தைப் பிடித்துக்கொண்டு வலது கையால் எட்டிப் பறிப்பேன். அறுபத்தெட்டு வயதிலும் நான்தான் ஏறுகிறேன். அவசரக்காரன் பறித்தால் சரத்தோடு கொடியும் வந்துவிடும்.

கை எழவில்லை என்றால் ஏற முடியாது. ஏற முடியவில்லை என்றால் தோட்டத்தைக் குத்தகைக்கு விட்டுவிட்டுச் சேலத்தில் மகள் வீட்டோடு போய்விடலாம் என்பது மனைவியின் கட்சி. இரண்டு வருடமாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். தைக்குள் என் கை தலைக்கு மேலே போயாக வேண்டும். எனக்கு வேண்டியது அவ்வளவுதான்.

எலும்பு டாக்டர் தோள் இறுகிவிட்டது என்றார். குணமாக ஒரு வருடம்கூட ஆகலாம் என்றார். ஒரு வருடத்துக்கு மிளகு காத்திருக்காது. அதனால் ஏற்காடு கடைவீதியில், பேக்கரிக்கு மேலே, அக்குபஞ்சர் பார்க்கும் அம்மாவிடம் போனேன். சேலத்திலிருந்து வாரம் இரண்டு நாள் பஸ்ஸில் வருவார். என் மகள் வயதுதான் இருக்கும்.

இரண்டு மணிக்கட்டிலும் விரல் வைத்து வெகுநேரம் நாடி பார்த்தார்.

"தூக்கம் எப்படிங்கய்யா?"

"அடிச்சுப் போட்ட மாதிரி தூங்குவேனுங்க."

பின்னால் உட்கார்ந்திருந்த மனைவி சும்மா இருக்கவில்லை. "படுத்தா எந்திரிக்கறாரு, எந்திரிச்சா படுக்கறாரு. நானும் தூங்கி ஒரு மாசமாச்சுங்கம்மா."

முடி மாதிரி மெல்லிய ஊசிகள். ஒன்றைக் கையில் குத்தினார், ஒன்றை முழங்காலுக்குக் கீழே குத்தினார்.

"தோள்வலிக்குக் கால்ல எதுக்குங்கம்மா?"

"அங்கிருந்துதானுங்கய்யா தோளுக்குப் பாதை போகுது."

"எனக்குத் தெரிஞ்சு நடுவுல வயிறுதானுங்க இருக்குது."

அவர் சிரித்துவிட்டார். ஊசியை விரலால் மெல்லத் திருகினார். "கனமா, மரத்த மாதிரி, எறும்பு ஊர்ற மாதிரி ஏதாச்சும் தெரியுதுங்களா?"

கரண்டு பிடித்த மாதிரி பாதம் வரைக்கும் இழுத்தது. "ஒண்ணுமில்லீங்க" என்றேன்.

இன்னும் திருகினார். "இப்போங்க?"

"ஒண்ணுமில்லீங்க."

வேண்டுமென்று சொன்ன பொய் இல்லை. எஸ்டேட்டில் காலையில் வரிசையாக நிறுத்தி கணக்கெழுதும் ரைட்டர் பேர் கூப்பிடுவார். கால் நொண்டுகிறதா, வலிக்கிறதா என்று கேட்பார். ஆமாம் என்றவன் பேரை விட்டுவிட்டு அடுத்த பேருக்குப் போய்விடுவார்; அவனுக்கு அன்றைக்குக் கூலி இல்லை. பதினோரு வயதில் அந்த வரிசையில் நின்றேன். எஸ்டேட் லைன் வீடுகளில் வளர்ந்த எங்கள் எல்லோருக்கும் கேள்வி முடியுமுன்னே 'இல்லீங்க' வந்துவிடும்.

ஒரு மாதம் இப்படியே போனது. கை ஒரு விரற்கடைகூட அதிகமாக எழவில்லை. ஒரு நாள் அந்த அம்மா சுருட்டு மாதிரி ஒன்றைப் பற்றவைத்தார். புகை மூக்கில் ஏறியதும் தெரிந்துவிட்டது, மாசிபத்திரி இலை.

"இது என்ற காட்டுல களைங்கம்மா. நொம்பக் கெடக்குது. லாரியில அனுப்பட்டுங்களா?"

"அனுப்புங்க, பார்க்கலாம். இப்போ தோள்ல இதைக் காட்டறேனுங்க. இதமா இருக்கோணும். சுட்டா உடனே சொல்லிப்போடுங்க."

காட்டினார். "சுடுதுங்களா?"

"இல்லீங்க."

"ஊசியும் தெரியலீங்கறீங்க, சூடும் தெரியலீங்கறீங்க. சர்க்கரை இருக்குதுங்களா?"

"ஒரு வியாதியும் கெடையாதுங்க."

கொஞ்சம் கிட்டக் கொண்டுவந்தார். பல்லைக் கடித்துக்கொண்டு படுத்திருந்தேன். சாயங்காலம் சட்டையைக் கழற்றியபோது கொட்டைப்பாக்கு அளவுக்குக் கொப்புளம். மனைவி பார்த்துவிட்டாள். அடுத்த முறை அவளும் கூடவே வந்துவிட்டாள்.

"ஆளைச் சுட்டு அனுப்பிச்சிருக்கீங்களேம்மா."

அந்த அம்மாவின் முகம் வெளுத்துவிட்டது. "கேட்டுக் கேட்டுத்தானுங்க காட்டினேன். இல்லீன்னாருங்க."

மனைவி என்னைக் கையால் காட்டினாள். "அவரு இல்லீன்னுதான் சொல்வாரு. பாறையில விழுந்து கால் எலும்பு விரிசல் விட்டுப்போனப்பவும், கிளியூர்ல இருந்து நடந்தே வந்து காப்பி கேட்டவரு."

அந்த அம்மா ஸ்டூலில் உட்கார்ந்தார். குரலை உயர்த்தவே இல்லை. "தோல் செவந்தப்பவே நான் நிறுத்தியிருக்கோணும், அது என்ற தப்புங்க. ஆனா நீங்க சொல்றதை வெச்சுத்தானுங்கய்யா நான் ஊசி போடறேன். இந்த ஒரு மாசமும் ஆரு ஒடம்புக்கு வைத்தியம் பார்த்தேன்னே எனக்குத் தெரியலீங்க."

எத்தனையோ பேர் என்னைத் திட்டியிருக்கிறார்கள். இப்படி ஒருவரும் திட்டியதில்லை.

கொப்புளம் ஆற இரண்டு வாரம் ஆனது. மார்கழியில் மறுபடி படுத்தேன். காலில் ஊசி இறங்கியது. அவர் கேட்கும்வரை நான் காத்திருக்கவில்லை.

"வலிக்குதுங்க" என்றேன்.

அதைச் சொல்வது மூட்டை தூக்குவதைவிடச் சிரமமாக இருந்தது. சொன்ன பிறகு நிறுத்தவும் முடியவில்லை. இடுப்பைச் சொன்னேன். இடது முழங்காலைச் சொன்னேன். காப்பி மூட்டை சுமந்த பிடரியைச் சொன்னேன். காலையில் எழுந்து பல் தேய்ப்பதற்குள்ளேயே களைத்துவிடுகிறது என்பதையும் சொன்னேன். அவர் எழுதிக்கொண்டே வந்தார். பிறகு பேனாவை வைத்துவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார். ஊசியோடே தூங்கிப்போனேன்.

தை பிறந்தபோது கை காது மட்டம் வரைக்கும் வந்தது. ராத்திரி நாலு மணி நேரம் தூக்கமும் வந்தது. மிளகு பழுத்திருந்தது. மூங்கிலைச் சாத்தினேன், மனைவி அடியைப் பிடித்துக்கொண்டாள். ஐந்து கணு ஏறிக் கையை நீட்டினேன். கீழ்ச்சரம் நாலைந்து எட்டியது. மேலே நாற்பது அடிக்குக் கொடி கிடந்தது.

"இதுக்கு மேல முடியலை. வலிக்குது" என்றேன்.

"எறங்குங்க" என்றாள். அப்போது அவள் குத்தகைப் பேச்சை எடுக்கவில்லை.

மறுநாள் கிளியூரிலிருந்து மூன்று பேரைக் கூப்பிட்டேன். நான் நினைத்த மாதிரியேதான் பறித்தார்கள். இரண்டு இடத்தில் கொடி கிழிந்தது. கீழே நின்று கத்துவதற்குத் தெம்பு இல்லை. காலை பத்து மணிக்கெல்லாம் வீட்டுக்குள் போய்ப் படுத்துக்கொண்டேன்.