பதினோராம் வருடத்துக் கடிதங்கள்

1. மேசைக்கு வந்த கோப்பு

ஜெர்மனியின் கெல்சென்கிர்ச்சனில் ஒரு வங்கியின் வீட்டுக்கடன் பிரிவில் இருபத்தெட்டு வருடமாக வேலை செய்கிறேன். புதிதாகச் சேருகிறவர்கள், இந்த வேலையில் எப்போதாவது பயந்திருக்கிறீர்களா என்று கேட்பதுண்டு. ஒரு செவ்வாய்க்கிழமையிலிருந்து வெள்ளி மத்தியானம் வரை பயந்தேன் என்று சொல்வேன்.

அந்தச் செவ்வாய் காலை பிரிவுத் தலைவர் லோமன் ஒரு கோப்பைக் கொண்டுவந்து வைத்தார். "வெள்ளி பன்னிரண்டு மணிக்குத் தவணை முடிகிறது. அதற்குள் 5,460 யூரோ வராவிட்டால் கடன் ஒப்பந்தத்தை முறித்து முழுக்கடனையும் கேட்கிறோம். பிறகு வீடு ஏலத்துக்குப் போகும்" என்றார். குரலில் கோபம் இல்லை. அவருக்கு அது அன்றைய ஆறாவது கோப்பு.

கோப்பில் இருந்த பெயரை இரண்டு தடவை வாசித்தேன். யேசுதாசன் அண்ணை. மன்னார்க்காரர், பாண் சுடும் தொழிற்சாலையில் வேலை. பதினொரு வருடத்துக்கு முன் அந்தக் கடனை அவருக்கு எழுதிக் கொடுத்தது நான்தான்.

இங்கே வீட்டுக்கடனுக்குப் பெரும்பாலும் முதல் பத்து வருடம் வட்டி மாறாது. அதை சின்ஸ்பின்டுங் என்போம். அண்ணைக்கு மாதம் 820 யூரோ. பத்து வருடம் முடியும்போது புதிய வட்டிக்குக் கையெழுத்து வைக்கவேண்டும். வைக்காவிட்டால் கடன் தானாக மாறும் வட்டிக்குப் போய்விடும். அண்ணை வைக்கவில்லை. வட்டி கிடுகிடுவென்று ஏறிய காலம் அது. மாதம் 1,240 வரவேண்டிய இடத்தில் அவர் பழையபடி 820 அனுப்பிக்கொண்டிருந்தார், அதுவும் ஒரு நாள் பிந்தாமல். பதின்மூன்று மாதத்தில் குறை 5,460 ஆகிவிட்டது.

ஐந்து தடவை போன் அடித்தேன். எடுக்கவில்லை. வங்கி அனுப்பிய ஒரு கடிதத்துக்கும் பதில் இல்லை. வேறு யாரிடமும் சொல்லி அனுப்பவும் முடியாது. வாடிக்கையாளரின் கடன் விஷயம் வெளியே போனால் என் வேலை போய்விடும். ஞாயிறு தேவாலயத்தில் தமிழ்ப் பூசையில் அதே மனிதரைப் பார்க்கவேண்டும். வங்கியில் தமிழச்சி ஒருத்தி இருந்தும் வீடு போய்விட்டதே என்று சனம் கதைக்கும். அதைவிடப் பெரிய பயம் ஒன்றும் இருந்தது. அதை அண்ணையே சொல்லட்டும்.

2. ஜன்னல் உறை

நாங்கள் அகதி விண்ணப்பம் போட்டுவிட்டுக் காத்திருந்த காலத்தில், விலாசம் தெரியும்படி ஜன்னல் வைத்த உறை வந்தால், நாட்டுக்குத் திருப்பி அனுப்பும் அரசாங்கக் கடிதமோ என்று பயந்து அப்பா திறக்கமாட்டார். அந்தோனியார் படத்துக்குப் பின்னால் செருகிவிடுவார். கையால் விலாசம் எழுதிய உறையென்றால் வாசலில் நின்றபடியே கிழிப்பார். அது ஊர்க் கடிதமாகவோ கலியாண அழைப்பாகவோ இருக்கும்.

நான் ஒரு நல்ல வெள்ளை உறை வாங்கி, அண்ணையின் பெயரையும் விலாசத்தையும் கையால் எழுதினேன். உள்ளே வங்கியின் கடிதம். அதன் மேல் ஒரு துண்டில் தமிழில், "அண்ணை, வெள்ளி பன்னிரண்டு மணிக்கு முன்னம் வாங்கோ. எல்லாக் கடிதத்தையும் கொண்டு வாங்கோ. திறக்காட்டிலும் பரவாயில்லை."

லோமன் உறையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இது என்ன, கலியாணமா?" என்று கேட்டுவிட்டுப் போனார். அன்று மாலையே வீட்டுக்குப் போகும் வழியில் அண்ணையின் தபால்பெட்டியில் போட்டேன்.

புதன் ஒன்றும் இல்லை. வியாழனும் ஒன்றும் இல்லை. போன் அடித்த ஒவ்வொரு தடவையும் முதல் மணியிலேயே எடுத்தேன்.

3. வெள்ளி

பத்தரைக்கு அண்ணை வந்தார். இருக்கச் சொன்னேன், இருக்கவில்லை. கடைக்குக் கொண்டுபோகிற துணிப்பையை மேசையில் கவிழ்த்தார். பதினேழு உறைகள். பதினாறு ஒட்டினபடியே இருந்தன. கிழித்திருந்தது நான் கையால் எழுதியது மட்டும்.

"ஏன் அண்ணை திறக்கேல்லை?"

"காசு ஒழுங்காப் போகுதுதானே தங்கச்சி. பிறகும் கடிதம் வருதெண்டால் பயம் வராதோ? ஜெர்மன் பாஸ்போட் எடுத்தும் அந்தப் பயம் போகேல்லை." பிறகு என்னைப் பார்த்து, "நீங்கள்தானே சொன்னனீங்கள், பத்து வருஷத்துக்கு ஒண்டும் யோசிக்காதேங்கோ எண்டு. நான் யோசிக்கேல்லை" என்றார்.

இதுதான் அந்தப் பெரிய பயம். சொன்னேன்தான். கையெழுத்து வைக்கும்போது அவர் பேனாவை எடுப்பதும் வைப்பதுமாக இருந்தார், தேற்றுவதற்காகச் சொன்னேன். பதினோராம் வருடத்தில் என்ன வரும் என்று நான் சொல்லவே இல்லை.

அவரிடம் இருந்தது தொள்ளாயிரம் யூரோ. மணி பத்தே முக்கால்.

"வீட்டிலை அக்காவுக்குத் தெரியுமோ?"

"ஐயோ, அவவுக்குச் சொல்ல ஏலாது."

"பன்னிரண்டு மணிக்குப் பிறகு வீடு உங்கடை கையிலை இல்லை அண்ணை. இப்ப எடுத்துச் சொல்லுங்கோ."

அவர் போனை எடுத்து, சுவரைப் பார்த்துக்கொண்டு பேசினார். பதினொன்றரைக்கு ரோசலின் அக்கா மேல்மூச்சுக் கீழ்மூச்சு வாங்க வந்தார். புருஷனை ஏறெடுத்தும் பார்க்கவில்லை.

"எவ்வளவு தங்கச்சி?"

சொன்னேன். கைப்பையிலிருந்து ஒரு காசுக்கட்டை எடுத்து வைத்தார். "மகளின்ரை கலியாண மண்டபத்துக்கெண்டு சீட்டு எடுத்து வச்சிருந்தனான்."

"எந்தச் சீட்டு?" என்றார் அண்ணை.

"நீங்கள் கடிதத்தை ஒளிப்பியள். நான் சீட்டை ஒளிக்கக்கூடாதோ?"

பன்னிரண்டுக்குப் பத்து நிமிடம் இருக்கக் காசு கட்டி முடிந்தது. பற்றுச்சீட்டை நானே கொண்டுபோய் லோமனின் மேசையில் வைத்தேன். பிறகு புதிய வட்டிக்குக் கடுதாசி தயாரித்தேன். மாதம் 1,060. அண்ணை கையெழுத்து வைத்தார்.

அப்போது அக்கா குவியலின் அடியில் கிடந்த மிகப் பழைய உறையைக் கிழித்து என்னிடம் நீட்டினார். "இதிலை என்ன கிடக்கு?"

முதல் கடிதம். வங்கி அனுப்பிய சலுகை. கையெழுத்து வைத்து அனுப்பினால் இன்னும் பத்து வருடத்துக்கு மாதம் 890 என்றிருந்தது. வாசித்துச் சொன்னேன். சொல்லாமல் விட்டிருக்கலாம் என்று அந்த நிமிடம் நினைத்தேன்.

"மாதம் நூற்றி எழுவது கூட" என்றார் அக்கா.

அண்ணை அந்தத் தாளை வாங்கிக் கனநேரம் பார்த்தார். "இதிலை வெருட்டு ஒண்டும் இல்லையோ?"

"இல்லை அண்ணை. 'மதிப்புக்குரிய' எண்டுதான் தொடங்குது."

நூற்றி எழுபது, பத்து வருடம். இருபதாயிரத்து நானூறு யூரோ. அதில் பாதி என் வாய் செய்த வேலை. இந்தத் தொழிலில் முதல் கடிதம் யாரையும் வெருட்டாது; அதைத் திறக்காதவருக்குத்தான் வெருட்டும் கடிதங்கள் வரும். அதற்குப் பிறகு நான் ஒருவருக்கும் யோசிக்காதீர்கள் என்று சொல்வதில்லை. வட்டி முடிகிற மாதத்தை அவர்களையே கையால் எழுதவைத்து, வீட்டில் ஒட்டச் சொல்லி அனுப்புகிறேன்.

அண்ணை இப்போதும் இடைக்கிடை எனக்குப் போன் எடுப்பார். "தங்கச்சி, ஒரு ஜன்னல் உறை வந்திருக்கு. போனை வையாதேங்கோ, நான் திறக்கிறன்." காகிதம் கிழிகிற சத்தம் கேட்கும். அதுவரை நானும் மூச்சை அடக்கிக்கொண்டுதான் இருப்பேன். போன கிழமை வந்தது தண்ணீர் பில்.