பிரெஞ்சு தெரிந்த பூனை

எழுபதுகளின் கடைசியில், காரைக்காலில் எங்கள் பக்கத்து வீட்டுக்காரர்கள் வீட்டை விற்றுவிட்டுக் குடும்பத்தோடு பிரான்ஸுக்குப் போனார்கள். ஊறுகாய் ஜாடியைக்கூட மறக்காமல் எடுத்துக்கொண்டவர்கள், கிழப் பூனையை மட்டும் விட்டுவிட்டார்கள். அதற்கு ஒரு கண்ணில் பூ விழுந்திருந்தது. மதில்மேல் உட்கார்ந்து பூட்டிய கதவையே பார்த்துக்கொண்டிருந்தது.

என் கணவருக்குப் பூனை ஆகாது. நெரவியில் விவசாயக் குடும்பத்தில் பிறந்தவர். அவருக்கு மாடுதான் பிராணி, மற்றதெல்லாம் தொந்தரவு. அவர்தான் ஒரு மழை நாளில் அதைத் தோளில் போட்டுக்கொண்டு வந்து நின்றார்.

"மழை விடற வரைக்கும் கெடக்கட்டும்" என்றார்.

மழை விட்டது. பூனை போகவில்லை. தண்ணீரை மட்டும் குடித்துக்கொண்டே இருந்தது, சோற்றைத் தொடவில்லை. பையில் வைத்து மாட்டாஸ்பத்திரிக்குத் தூக்கிப் போனார். மாடுகளுக்கு நடுவே பூனையைப் பார்த்த டாக்டர் முதலில் சிரித்தாராம். பிறகு வயிற்றைத் தொட்டுப் பார்த்து, "சிறுநீரகம் போயிட்டுதுங்க. குணமாக்க முடியாது. இருக்கிற வரைக்கும் வலியில்லாம பாத்துக்குங்க" என்றாராம்.

எனக்குக் காய்ச்சல் வந்தால் "ஒரு மாத்திரையப் போட்டுக்கிட்டுப் படு" என்று சொல்லிவிட்டு ஆபீசுக்குக் கிளம்புகிறவர், பூனைக்காக லீவு போட்டார். தன் சாய்வு நாற்காலியில் பழைய வேட்டியை மடித்துப் போட்டார். அது ஏறி இறங்கச் செங்கல் அடுக்கினார்.

ஆனால் எப்படிக் கூப்பிட்டாலும் பூனை திரும்பவில்லை. காது போய்விட்டது என்றே நினைத்தோம். தெருக்கோடியில் ஒரு சொல்தா இருந்தார். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பென்ஷன் வாங்குகிறவர்களை எங்கள் ஊரில் அப்படித்தான் சொல்வோம். மனைவி இறந்து, பிள்ளைகள் வெளிநாட்டில் இருக்க, தனியாக வாழ்ந்தவர். ஒரு நாள் அவர் வந்து குனிந்து, "வியாங், மொன் வியே" என்றார். பூனை தலையைத் தூக்கியது.

"என்னங்க ஐயா சொன்னீங்க?" என்றார் என் கணவர்.

"வாடா கெழவான்னேன். அந்த வீட்ல பிரெஞ்சுலதான் பேசுவாங்க. இதுக்குத் தமிழ் எப்படித் தம்பி தெரியும்?"

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் பிரெஞ்சு வகுப்பு. என் கணவர் மூக்கால் "வியாங், வியாங்" என்று பழகுவார். "ஏங்க, சளி பிடிச்சிருக்கா?" என்பேன். முறைப்பார்.

நாங்கள் மீன் சமைக்காத வீடு. சொல்தா மத்தி மீன் வாங்கி வருவார். என் கணவர் கொல்லையில் குமுட்டி அடுப்பு மூட்டி, மூக்கில் துண்டைக் கட்டிக்கொண்டு வேகவைப்பார். முள் எடுத்து, மசித்து, சாற்றை இங்க் ஃபில்லரால் புகட்டுவார். கல்யாணமான நாளிலிருந்து அவர் அடுப்பு மூட்டி நான் பார்த்ததில்லை. "அப்படியே எனக்கும் ஒரு காப்பி" என்றேன். போட்டுத்தான் கொடுத்தார், மீன் வாசனையோடு.

சாயங்காலங்களில் சொல்தா பூனையிடம் பிரெஞ்சில் பட்டாளத்துக் கதை சொல்வார். ஒரு வார்த்தை புரியாமல் என் கணவர் தலையாட்டுவார். பூனை தலையாட்டாமல் தூங்கும்.

மார்கழியில் அதன் பின்னங்கால்கள் விழுந்துவிட்டன. என் கணவர் வெந்நீரில் துணி நனைத்துத் துடைத்துவிடுவார். ஒரு மத்தியானம் ஃபில்லரைக் கண்டதும் முகத்தைத் திருப்பிக்கொண்டது. இவர் மறுபடி கொண்டு போனார். சொல்தா கையைப் பிடித்துக்கொண்டார்.

"வேணாம் தம்பி. போதும்ங்குது. உதட்ட மட்டும் நனைங்க."

நனைத்தார். இருவரும் இரண்டு பக்கமும் உட்கார்ந்திருந்தார்கள். "மொன் வியே, மொன் வியே" என்று இவர் முதுகைத் தடவிக்கொண்டே இருந்தார். அன்றும் உச்சரிப்பு தப்புதான். யாரும் திருத்தவில்லை. வெயில் தாழும்போது மூச்சு நின்றது.

கொல்லையில் எலுமிச்சை மரத்தடியில் புதைத்தார்கள். மறுநாள் காலையில் ஒரு டம்ளர் பாலோடு என் கணவர் கொல்லைப் பக்கம் போவதைப் பார்த்துவிட்டேன்.

"பதினாறாம் நாள் சாப்பாட்டுக்கு யார் யாரக் கூப்பிடணும்?" என்றேன்.

வழக்கமாக முறைப்பவர், முறைக்கவில்லை. பாலை ஊற்றாமல் டம்ளரைப் பிடித்துக்கொண்டு மரத்தடியிலேயே நின்றார். நான் பக்கத்தில் போய், டம்ளரை வாங்கி, நானே ஊற்றினேன்.